பாடசாலையில் விஞ்ஞானம்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் கொழும்பில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழுந்ததிலிருந்து பெற்றோர் கூட்டத்தில், வெள்ளவத்தைச் சந்தையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான். எழுதி வைத்தால் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் என் சொந்தக் கருத்து. எந்த அலுவலகத்தின் சார்பிலும் பேசவில்லை.

டீச்சர், உண்மையில என்னதான் மாறப் போகுது? ஆளுக்கொரு கதை சொல்லினம்.

2025இல் கல்வி அமைச்சு அறிவித்த திட்டத்தின் சாரம் இது: ஒரே புத்தகத்தை ஆண்டு முழுக்க ஓட்டாமல் பாடத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது, தொகுதி முடிய முடியக் கணிப்பிடுவது, மனப்பாடத்தைக் குறைத்துச் செயற்பாட்டைக் கூட்டுவது. 2026இல் தரம் 1, தரம் 6 இரண்டிலும் தொடங்குவதாக இருந்தது. தரம் 6 ஆங்கிலத் தொகுதியில் அச்சான ஓர் இணைய முகவரியால் சர்ச்சை கிளம்பி, தரம் 6 மட்டும் 2027க்குத் தள்ளிப் போனது.

வரலாறும் அழகியலும் குறைக்கப்படுமா என்றுதான் பெரிய வாதம் நடந்தது. விஞ்ஞானம் கட்டாயப் பாடமாகவே இருக்கும். அதை எப்படிப் படிப்பிப்பது, எப்படிப் பரீட்சிப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

மகள் இப்ப 9ஆம் வகுப்பு. அவளுக்கு ஏதும் பாதிப்பு வருமா?

இப்போதைய ஏற்பாட்டின்படி வராது. புதிய பாடத்திட்டம் தரம் 6இல் சேரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறும். உங்கள் மகள் பழைய பாடத்திட்டத்திலேயே ஓ/எல் (தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை) எழுதுவாள். தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்காக மீதியை வாசியுங்கள்.

எங்கட காலத்திலயும் இப்பிடித்தான் "புதுமுறை" எண்டு சொன்னவை. இது எத்தனையாவது புதுமுறை?

நியாயமான கேள்வி. 1972இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் கட்டாயமானது. அதற்கு முன் விஞ்ஞானமே தொடாமல் பாடசாலையை விட்டுப் போகலாம். ஓ/எல்லுக்குப் பதிலாக வேறொரு தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை வந்து, 1975இல் முதல் தடவை நடந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் போய்விட்டது. பரீட்சை போனாலும் எல்லாருக்கும் விஞ்ஞானம் என்பது நின்றது. என்னைக் கேட்டால் இந்த நாட்டில் விஞ்ஞானக் கல்விக்கு நடந்த ஆகப் பெரிய நல்லது அதுதான்.

1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தத்தோடு பாடசாலை மட்டக் கணிப்பீடு, அதாவது ஆசிரியரே வகுப்பில் புள்ளியிடுவது, வந்தது. 2007இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டமும் ஐந்து படிக் கற்பித்தலும் வந்தன. பிள்ளையை ஈடுபடுத்து, தேடவிடு, விளக்கச் சொல், விரிவாக்கு, மதிப்பிடு என்ற ஐந்து படிகள் ஆசிரியர் வழிகாட்டியில் அழகாக இருந்தன. வகுப்பில் நடந்தது என்னவென்றால், ஆசிரியர் பாடக்குறிப்பில் ஐந்து படியையும் எழுதி வைத்துவிட்டு, கரும்பலகையில் பழையபடி குறிப்பு எழுதிப் போட்டார். 2015இல் பாடத்திட்டம் மறுபடி திருத்தப்பட்டது. வகுப்பறைக்குள் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. ஏன் என்பதைக் கீழே வினாத்தாள் பற்றிய பதிலில் சொல்கிறேன். என் முழு வாதமும் அங்கேதான் இருக்கிறது.

பௌதிகம், இரசாயனம், உயிரியல் எண்டு பிரிச்சுப் படிப்பிச்சா நல்லம்தானே? ஏ/எல்லுக்கு அப்பதானே லேசு?

ஏ/எல் (ஓ/எல்லுக்கு அடுத்த உயர்தரம்) செய்யப் போகும் பிள்ளைக்கு லேசாக இருக்கும். ஓ/எல் எழுதும் மீதிப் பிள்ளைகளின் நிலை வேறு. சீனி வியாதி ஏன் வருகிறது, மின்கட்டணப் பட்டியலில் அலகு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். மூன்றாகப் பிரித்தால் மூன்று ஆசிரியர் வேண்டும், மூன்று பாடத்துக்கு நேரசூசியில் இடம் வேண்டும். ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கே வழியில்லாத பாடசாலை எங்கே போகும்?

பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்களாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பிழை. 2016இல் அங்கே நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல பாடங்களைச் சேர்த்த தொகுதி ஒன்றையாவது ஆண்டுக்கு ஒரு தடவை செய்யச் சொல்கிறது. பாடங்கள் அப்படியே இருக்கின்றன; 7ஆம் வகுப்பிலிருந்து பௌதிகமும் இரசாயனமும் அங்கே தனித்தனிப் பாடங்கள். அங்கே ஆசிரியராக வர முதுமாணிப் பட்டம் வேண்டும் என்பதை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

மகன் லேப் பக்கமே போகல்லையாம். எக்ஸ்பெரிமென்ட் செய்யாம என்ன சயன்ஸ் டீச்சர்?

ஒரு பரிசோதனையை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். ஒளித்தொகுப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்று காட்டுவது. சாடியில் வளரும் செவ்வரத்தைச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு ஓர் இலையின் பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடிச் செடியை வெயிலில் விட வேண்டும். இலையைப் பறித்துக் கொதிநீரில் அமிழ்த்தி, அப்புறம் மதுசாரம் உள்ள கொதிகுழாயில் போட்டு, அந்தக் குழாயை வெந்நீர் முகவைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். மதுசாரம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சுடரை நேரே காட்டக் கூடாது. பச்சை கரைந்து இலை வெளிறி, தொட்டால் உடையும் பதத்துக்கு வரும். வெந்நீரில் அலசி விரித்து அயடீன் விட்டால், மாப்பொருள் உண்டான வெயில் பட்ட பக்கம் கருநீலம். மூடிய பக்கம் அயடீனின் மண்ணிறத்திலேயே நிற்கும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பேர். ஆய்வுகூடத்துக்கு நடந்து போய் உட்காரவே நேரம் போகும், தண்ணீர் கொதிக்க இன்னும் கொஞ்சம் போகும். உதவியாளர் இல்லாத இடத்தில் குழாய்களைக் கழுவி அடுக்குவதும் ஆசிரியர்தான். இவ்வளவையும் செய்து பார்த்த பிள்ளைக்கும், ஒன்றையும் பார்க்காமல் "கருநீலமாக மாறும்" என்று பாடமாக்கி எழுதிய பிள்ளைக்கும் பரீட்சையில் அதே புள்ளி. அப்புறம் எந்த ஆசிரியர் மினக்கெடுவார்?

ஆனால் மினக்கெட்டால் கிடைப்பது வேறு. ஒரு தடவை ஒரு குழுவின் இலையில் மூடிய பக்கமும் கருநீலமாக வந்தது. கடதாசி வழுகிவிட்டது என்றாள் ஒருத்தி. செடியை இருட்டில் வைத்தது போதாது என்றான் இன்னொருவன். அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இன்னொரு செடியை இருட்டில் வைத்து, வெயிலுக்கு எடுக்காமலே ஓர் இலையைச் சோதிக்கலாம் என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்ற தலைப்பைப் புத்தகத்தில் பல தடவை வாசித்த வகுப்புத்தான். அன்றைக்குத்தான் அது எதற்கென்று விளங்கியது.

அதுக்கு யூடியூப்ல ஒரு வீடியோ போட்டுக் காட்டினா முடிஞ்சுதே?

வீடியோவில் பரிசோதனை ஒருபோதும் பிழைக்காது. அதுதான் அதன் குறை. மேலே சொன்ன இலை வீடியோவில் வராது, வெட்டி எறிந்திருப்பார்கள்.

கண்ணால் பார்க்க முடியாத விடயங்களுக்குத் திரை நல்லது: இலத்திரன் ஓட்டம், கோள்களின் சுற்றுகை, வாயு மூலக்கூறுகளின் அசைவு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச உருவகப்படுத்தல்களை நானே பயன்படுத்துகிறேன். பிள்ளை தானே தடையைக் கூட்டிக் குறைத்து மின்னோட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இந்திய வீடியோக்கள் என்றால் பாடத்திட்டமும் கலைச்சொல்லும் வேறு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் குழம்புவார்கள்.

கிளாஸுக்குப் போனா ஏ எடுக்குதுகள். பிறகு எதுக்கு ஸ்கூலப் போட்டு மாத்தணும்?

தனியார் வகுப்பு நடத்தும் கிளாஸ் சேர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வினாத்தாளைப் படித்து, எது வரும் என்று கணித்து, அதற்கேற்ற டியூட் (அச்சடித்த குறிப்பு) அடித்துக் கொடுக்கிறார். கடந்தகால வினாத்தாள் பத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். தாள் அப்படி இருக்கும்வரை அவர் செய்வது சரிதான்.

ஏ எடுத்த பிள்ளை ஏ/எல் பௌதிகத்தில் முதல் தவணையிலேயே தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்பியர்மானியைத் தொடராக இணைக்க வேண்டும் என்று எழுதத் தெரியும். கையில் கம்பியைக் கொடுத்தால் சமாந்தரமாக இணைப்பார்கள்.

பாடத்திட்டத்த விட வினாத்தாள் அவ்வளவு முக்கியமா? நீங்க எப்பவும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறீங்க.

ஆம், அதையேதான் சொல்வேன். ஓ/எல் விஞ்ஞானத்தில் முதல் தாள் 40 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் தாள் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் ஓ/எல்லில் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது, விஞ்ஞானத்துக்கு இல்லை. பாடத்திட்டத்தில் "தேடியறிதல்" என்று எழுதிவிட்டுத் தாளில் "மூன்று பண்புகளை எழுதுக" என்று கேட்டால், ஆசிரியரும் பிள்ளையும் பெற்றோரும் எதன் பக்கம் போவார்கள்? 2007இன் ஐந்து படிக்கு நடந்தது இதுதான். புதிய தொகுதிகளுக்கும் இதுவே நடக்கும் என்று பயப்படுகிறேன்.

3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தில் பரீட்சை வைக்க முடியுமா என்று உடனே கேட்பார்கள். இப்போதைக்கு முடியாது, வேண்டியதுமில்லை. எழுத்துத் தாளிலேயே செய்யலாம். ஓர் உதாரணம். சுருளிவில் ஒன்றில் நிறைகளைத் தொங்கவிட்ட மாணவி எடுத்த வாசிப்புகள்: 1 நியூட்டனுக்கு நீட்சி 2 சென்ரிமீற்றர், 2க்கு 4, 3க்கு 6, 4க்கு 7.1, 5க்கு 10. எந்த வாசிப்பை அவள் திரும்ப எடுக்க வேண்டும்? ஏன்? அந்தப் பிழை எப்படி வந்திருக்கலாம்? எண்களையும் கருவியையும் ஒவ்வோர் ஆண்டும் மாற்றலாம். அளவுகோலைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இது இரண்டு நிமிட வேலை. டியூட்டைப் பாடமாக்கிய பிள்ளை ஊக்கின் விதியை எழுதிவிட்டு வரும்.

நான் கண்டுபிடித்த யோசனை இல்லை இது. கொழும்பில் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றிலும் செயன்முறைத் தாளுக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் உண்டு. அதற்கு மொத்தப் புள்ளியில் 20 வீதம். இங்கிலாந்தில் ஓ/எல்லுக்குச் சமமான விஞ்ஞானப் பரீட்சையில் குறைந்தது 15 வீதப் புள்ளி செயன்முறை பற்றிய வினாக்களுக்குப் போக வேண்டும். இங்கே 15 வீதம் வைத்தாலே அடுத்த தவணை ஆய்வுகூடங்களின் பூட்டுத் திறக்கும்.

அப்ப வகுப்பிலேயே டீச்சர்மார் புள்ளி போட்டா என்ன? அதைத்தானே புதுத் திட்டத்திலயும் சொல்றாங்க?

பாடசாலை மட்டக் கணிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. ஓ/எல் சித்தியை அது மாற்றாது, தனியாகக் காட்டப்படும்; அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதையே பெறுபேற்றோடு சேர்த்தால் எல்லாரும் பொருட்படுத்துவார்கள், சிக்கலும் அன்றைக்கே தொடங்கும். அதிபர் தன் பாடசாலைப் பெறுபேற்றைப் பார்ப்பார். பெற்றோர் ஆசிரியரின் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அயலவரின் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் குறைத்துப் போடுவார்?

இங்கிலாந்தில் ஆசிரியர் புள்ளியிட்ட செயன்முறைக் கணிப்பீட்டை விட்டுவிட்டு, மேலே சொன்ன 15 வீத முறைக்கு மாறினார்கள். என் அபிப்பிராயம்: பிள்ளை எங்கே பின்நிற்கிறது என்று அறிய வகுப்புக் கணிப்பீடு வேண்டும், தகுதியைத் தீர்மானிக்க வேண்டாம். என்னுடன் படிப்பிக்கிறவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆசிரியரை நம்பாமல் எப்படிச் சீர்திருத்தம் என்று கேட்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஆசிரியரை அந்த நெருக்கடியில் தள்ள விருப்பமில்லை.

"பிள்ளையளே கண்டுபிடிக்கட்டும்" எண்டு விட்டா டீச்சருக்கு என்ன வேலை?

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நியூட்டன் விதியைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருந்தால் பாடசாலைக் காலம் முடிந்துவிடும். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒத்துவராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை பற்றி இன்றைக்கும் வாதம் ஓடுகிறது. முன்னறிவு இல்லாத தலைக்கு ஒரே நேரத்தில் பல விடயங்களைக் கையாள முடியாது என்பது அவர்கள் வாதம். அனுபவத்தில் நானும் அதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே விளக்க வேண்டியதை ஆசிரியர் தெளிவாக விளக்க வேண்டும், அதன் பிறகு பிள்ளை கையில் எடுக்க வேண்டும். இலைப் பரிசோதனையில் மாப்பொருள், அயடீன், மதுசாரம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவைதான். பிழைத்த இலைக்குக் காரணம் தேடும் வேலையை அவர்களிடம் விட்டேன்.

பாடத்தைக் குறைச்சா ஏ/எல்ல பிள்ளைகள் முழிக்காதா?

எதைக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வகைப்படுத்தல் பட்டியல்களில் பாதியை எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. மூல், விசை, சக்தி போன்றவற்றில் கை வைத்தால் ஏ/எல் இரசாயன, பௌதிக ஆசிரியர்கள் முதல் மாதம் முழுக்க ஓ/எல் படிப்பிக்க வேண்டி வரும். தொகுதி முறையில் எனக்குள்ள பெரிய கவலையும் இதுதான்: தரம் 7இல் ஒரு தொகுதியில் தொட்டதைத் தரம் 9இல் திரும்பத் தொடாவிட்டால் அது பிள்ளையிடம் நிற்காது.

இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்திவிட்டா சயன்ஸ் லேசாமே, உண்மையா?

2001இல் ஏ/எல் விஞ்ஞானத்தையும் 2002இல் தரம் 6இலிருந்து சில பாடங்களையும் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் ஆங்கிலத்தில் படிக்க வழி செய்தார்கள். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். அதனால் ஆசை புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்து விளங்காத பிள்ளையை மாற்றினால், விளங்காமல் பாடமாக்கும் பழக்கம் இன்னும் கூடும். வீட்டிலும் ஆங்கிலம் புழங்கும் பிள்ளை என்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தமிழில் நன்றாக விளங்கிப் படிக்கட்டும். கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வரட்டும்.

இதெல்லாம் பம்பலப்பிட்டி, மருதானைப் பெரிய ஸ்கூல்களுக்குச் சரி. எங்கட மோதரைப் பக்கத்து ஸ்கூலுக்கு?

நாட்டில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உண்டு. அவற்றில் ஏ/எல் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கொழும்புக்குள்ளேயும் இந்த இடைவெளி இருக்கிறது. செயன்முறைக்குப் புள்ளி கொடுத்தால் முதலில் அடி வாங்குவது வசதியற்ற பாடசாலைதான் என்ற வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் கொடுக்காமல் தாளை மாற்றினால் அநியாயம்.

அதே சமயம், தரம் 11 வரைக்கும் தேவையானதில் நல்ல பங்கை மலிவாகச் செய்யலாம். செவ்வரத்தைப் பூவைக் கொதிநீரில் ஊறவிட்டால், அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் காட்டி தயார்: தேசிக்காய்ச் சாற்றில் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீரில் பச்சை பக்கம் போகும். நூலும் கல்லும் கைத்தொலைபேசிக் கடிகாரமும் இருந்தால் ஊசல். இறப்பர் பட்டையும் அளவுகோலும் இருந்தால் மேலே சொன்ன நீட்சி வாசிப்பு. இறப்பர் பட்டை நேர்கோட்டில் நீளாது, அது இன்னும் சுவாரசியம். இவற்றுக்குக் காசை விட நேரமும் வகுப்பில் ஆள் குறைவும்தான் வேண்டும்.

சரி, மாத்தச் சொல்லி யாரிட்ட கேக்கிறது? மினிஸ்ட்ரிக்கோ?

பலருக்கு இது தெரிவதில்லை. பாடத்திட்டம் எழுதுவது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். புத்தகம் அச்சிடுவது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். வினாத்தாள் பரீட்சைத் திணைக்களத்தின் பொறுப்பு. கொள்கை ஆலோசனை தேசிய கல்வி ஆணைக்குழுவின் வேலை. பாடத்திட்டத்தில் உள்ள நல்ல வரி வினாத்தாளுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று கட்டடம் தாண்ட வேண்டும். கருத்துக் கேட்கும்போது "பாடம் கூட, குறைவு" என்று மட்டும் எழுதாமல், மாதிரி வினாத்தாளைப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள் என்று எழுதுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில நாங்க என்னத்தைக் கேக்கலாம்? "நல்லாப் படிப்பிங்க" எண்டு சொல்லிட்டு வாறதுதானா?

பிள்ளையின் செயன்முறைக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையும் பாருங்கள். இரண்டிலும் ஊசலின் வாசிப்பு தசம தானம் வரைக்கும் ஒன்றாக இருந்தால் கரும்பலகையிலிருந்து எழுதியது. ஆசிரியரைக் குற்றம் சொல்ல வேண்டாம், காரணம் கேளுங்கள். அநேகமாக நேரமில்லை என்பார், பொய்யில்லை.

அப்புறம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு விடயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கிழமையில் ஒரு தடவையாவது விஞ்ஞானத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளை. 80 நிமிடம் கிடைத்தால் இலைப் பரிசோதனையும் முடியும், குழாய் கழுவவும் முடியும். சுற்றுநிருபம் வரும்வரை இருக்கத் தேவையில்லை, அதிபர் நேரசூசியிலேயே செய்யலாம். நேரசூசி போடுவதற்கு முன் கேட்க வேண்டும். போட்ட பிறகு கேட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்பார்கள்.